காம்போ: ஒரு பிழை விதியான கதை

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். வீடியோ கேம் உலகில் அந்த அம்மியின் இடத்தில் ஒரு கார் இருந்தது.

ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1991-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டில், சண்டைகளுக்கு நடுவே ஒரு போனஸ் கட்டம் வரும். எதிராளி யாரும் இல்லை. நிறுத்தி வைத்த ஒரு காரை, நேரம் முடிவதற்குள் கையாலும் காலாலும் அடித்து நொறுக்க வேண்டும். அவ்வளவுதான். விளையாட்டு வெளிவருவதற்கு முன்னால் அதில் பிழைகள் இருக்கின்றனவா என்று சோதித்துக்கொண்டிருந்தவர்களில் நோரிடாகா ஃபுனாமிசு என்பவரும் ஒருவர். இந்தக் கார் கட்டத்தைச் சோதிக்கும்போது அவர் கண்ணில் ஒன்று பட்டது. ஓர் அடியின் அசைவு முடிவதற்கு முன்பே, சரியான கணத்தில் பட்டனை அழுத்தினால், இன்னோர் அடியும் விழுகிறது!

இது யாரும் திட்டமிட்டு வைத்தது அல்ல. அதற்குத் தேவையான நேரக் கணக்கு மிகவும் நுட்பமானது. யாரும் இதைப் பயன்படுத்தப் போவதில்லை என்றுதான் ஃபுனாமிசு நினைத்தார். ஆனாலும் அதை அழிக்கச் சொல்லவில்லை. ஓர் ஒளிந்திருக்கும் அம்சமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

சண்டை விளையாட்டுகளின் மிகப் பெரிய மாற்றம் இப்படித்தான் வந்தது. அந்தப் பிழைக்குத்தான் இன்று 'காம்போ' என்று பெயர். ஆனால் பிழை கலையாக மாறிய அழகான கதையோடு இது முடியவில்லை. காம்போ வந்த நாளிலிருந்து இந்த விளையாட்டுகளை ஒரு கேள்வி துரத்திக்கொண்டே வந்திருக்கிறது. அடிப்பவனுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? அடிவாங்குபவனுக்கு அவனுடைய கையை எப்போது திருப்பிக் கொடுப்பது? அதற்குப் பின்னால் வந்த பல மாற்றங்கள், ஒவ்வொரு நிறுவனமும் இதற்குச் சொன்ன பதில்கள்தான்.

காம்போ என்றால் என்ன?

'காம்பினேஷன்' என்ற சொல்லின் சுருக்கம்தான் காம்போ. குத்துச்சண்டையில் இது பழைய விஷயம். இடது கையால் ஒரு சின்னக் குத்து, உடனே வலது கையால் நேர்க்குத்து, அதைத் தொடர்ந்து பக்கவாட்டில் ஒரு குத்து என்று அடுக்கிப் பழகுவார்கள். ஆனால் நிஜக் குத்துச்சண்டையில் முதல் குத்து வாங்கியவர் இரண்டாவதைத் தடுக்கலாம், குனியலாம், விலகலாம். அவருடைய உடம்பு அவர் கையில்தான் இருக்கிறது.

வீடியோ கேமில் அப்படி இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது. சண்டை விளையாட்டுகளில் திரையின் படம் பொதுவாக நொடிக்கு 60 முறை மாறும். ஒவ்வொரு படத்துக்கும் 'பிரேம்' என்று பெயர். ஓர் உதை எதிராளி மேல் பட்டதும், அவர் வலியில் மடங்குவது போல ஓர் அசைவு ஓடும். அந்த அசைவு ஓடி முடியும்வரை அவர் எந்த பட்டனை அழுத்தினாலும் எதுவும் நடக்காது. தடுக்கவும் முடியாது. உதாரணத்துக்கு அந்த முடக்கம் 15 பிரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது கால் நொடி. அந்தக் கால் நொடிக்குள் உங்களுடைய அடுத்த அடி போய்ச் சேர்ந்தால், அதைத் தடுக்க அவரால் முடியவே முடியாது. அந்த அடியும் அவரை முடக்கும். அதற்குள் மூன்றாவது அடி...

காம்போ என்பது இவ்வளவுதான். முதல் அடியை வாங்குவது உங்கள் தவறு. இரண்டாவதும் மூன்றாவதும் உங்கள் கையில் இல்லை!

இதில் இரண்டு வகை உண்டு. ஓர் அடி முழுவதும் முடிந்த பிறகு, எதிராளி மீள்வதற்குள் இன்னோர் அடியைச் சேர்ப்பது ஒன்று. இதை 'லிங்க்' என்பார்கள். முதல் அடி பட்ட கணத்திலேயே அதன் மீதி அசைவை வெட்டிவிட்டு வேறொரு சிறப்பு அடிக்குத் தாவுவது இன்னொன்று. இது 'கேன்சல்'. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் ரியூ என்ற கராத்தே வீரனை எடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் முதலில் கற்றுக்கொள்ளும் காம்போ இரண்டையும் காட்டும். தாவிக்கொண்டே ஒரு பலமான உதை, தரையிறங்கியதும் குனிந்தபடி நடுத்தர உதை, அந்த உதை பட்டவுடன் ஜாய்ஸ்டிக்கைக் கீழிருந்து முன்பக்கமாக உருட்டி ஒரு குத்து பட்டன். கையிலிருந்து 'ஹடோகென்' என்ற நீல நெருப்பு உருண்டை பாயும். உதைத்த காலை மடக்கும் அசைவே திரையில் வராது. அதை வெட்டிவிட்டுத்தான் நெருப்பு வருகிறது.

காம்போவுக்கு முன்னால்

1984-ல் டெக்னோஸ் ஜப்பான் உருவாக்கி டேட்டா ஈஸ்ட் வெளியிட்ட 'கராத்தே சாம்ப்' தான் ஒருவருக்கு ஒருவர் மோதும் விளையாட்டுகளின் ஆரம்பகால முன்னோடி. பட்டன்களே கிடையாது. இரண்டு ஜாய்ஸ்டிக்குகள். அதில் நிஜக் கராத்தே போட்டியின் விதிதான். ஓர் அடி சுத்தமாக விழுந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், புள்ளி கொடுப்பார், இருவரும் மறுபடி பழைய இடத்துக்குப் போக வேண்டும். அடிமேல் அடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதே 1984-ல் ஐரெம் நிறுவனத்தில் தகாஷி நிஷியாமா 'குங்-ஃபூ மாஸ்டர்' விளையாட்டை வடிவமைத்தார். ஜாக்கி சான் நடித்த ஒரு படத்தின் பெயரோடு ஜப்பானில் வந்தது அது. மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு மாடியிலும் ஒரு பெரிய எதிரியைச் சந்திக்கும் அமைப்பில் புரூஸ் லீயின் 'கேம் ஆஃப் டெத்' படத்தின் சாயல் இருக்கிறது. இந்த நிஷியாமா பிறகு காப்காமுக்கு மாறி, ஹிரோஷி மட்சுமோட்டோவோடு சேர்ந்து 1987-ல் முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டைக் கொண்டுவந்தார்.

அந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஒரு வகை இயந்திரத்தில் இரண்டு பெரிய ரப்பர் பட்டன்கள் இருந்தன. எவ்வளவு பலமாகக் குத்துகிறீர்களோ அவ்வளவு பலமாகத் திரையில் அடி விழும்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கை வலிக்கும், இயந்திரமும் பழுதாகும். ஆறு சின்ன பட்டன்கள் கொண்ட இன்னொரு வகை வந்தது. மெல்லிய, நடுத்தர, பலமான என்று குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று. இதுதான் நிலைத்தது. ஹடோகென், ஷோரியூகென் போன்ற சிறப்பு அடிகளும் இதிலேயே இருந்தன. ஆனால் அவற்றை வரவழைப்பது பெரும்பாடு. பத்து முறை முயன்றால் ஒரு முறை வந்தாலே அதிர்ஷ்டம் என்கிற நிலை.

அகிரா நிஷிதானியும் அகிரா யசுடாவும் வடிவமைத்த இரண்டாம் பாகத்தில் இந்தச் சிறப்பு அடிகள் மிக எளிதாக வந்தன. இயந்திரம் ஆட்டக்காரரின் கையசைவைத் தாராள மனதோடு படித்தது. தேர்ந்தெடுக்க எட்டுப் பேர். அவரவர் நாடு, அவரவர் சண்டை முறை. சீனாவின் சுன்-லி, அமெரிக்க ராணுவத்தின் கைல், கையும் காலும் நீளும் இந்திய யோகியான தால்சிம், ஜப்பானின் சுமோ வீரர் ஹோண்டா... எட்டுப் பேருக்கும் வேறு வேறு அடிகள், வேறு வேறு வேகம். இத்தனை அடிகளும் ஒன்றோடொன்று எப்படிச் சேரும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிப் பார்த்திருக்க எந்த வடிவமைப்பாளராலும் முடியாது. அந்த இடைவெளியில்தான் காம்போ முளைத்தது.

இதே விளையாட்டின் முதல் பதிப்பில் வேறு பிழைகளும் இருந்தன. கைல் பாத்திரத்தை வைத்து ஒரு குறிப்பிட்ட வித்தை செய்தால், எதிராளி விலங்கு மாட்டியது போல அவனோடு ஒட்டிக்கொள்வார். அதிலிருந்து வெளியே வர வழியே இல்லை. அந்தப் பிழை பின்வந்த பதிப்புகளில் நீக்கப்பட்டது. காம்போ மட்டும் தங்கிவிட்டது. இரண்டுமே பிழைகள், இரண்டுமே எதிராளியை முடக்குபவை. ஏன் ஒன்றுக்கு மட்டும் மன்னிப்பு? காம்போவில் முடக்கம் தானாக நீடிப்பதில்லை. ஒவ்வோர் அடிக்கும் அடிப்பவர் சரியான கணத்தில் உழைத்தாக வேண்டும். ஒரு பிரேம் தவறினால் எதிராளிக்கு விடுதலை. அதாவது இங்கே அடிப்பவருக்கும் ஆபத்து இருக்கிறது.

கடைத்தெருவில் எழுதப்பட்ட சட்டம்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பல நாடுகளின் ஆர்கேட் கடைகளில் காட்டுத்தீ போலப் பரவியது. 1992-ல் சூப்பர் நின்டெண்டோ வழியாக வீட்டுக்குள்ளும் வந்தது. அந்தப் பதிப்பு மட்டும் 63 லட்சம் பிரதிகள் விற்றது. யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்று ஃபுனாமிசு நினைத்ததை, காசு போட்டு விளையாடும் பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். புத்தகத்திலும் இல்லை, இயந்திரத்தின் மேல் ஒட்டிய குறிப்பிலும் இல்லை. ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து இன்னொருவர் கற்றுக்கொண்டார். வித்தை வாய்வழியாகவே ஊர் ஊராகப் போனது.

கூடவே சண்டையும் வந்தது, திரைக்கு வெளியே! அந்த விளையாட்டில் குறுகிய நேரத்தில் நிறைய அடி வாங்கினால் பாத்திரம் தலைசுற்றி நிற்கும். தலைக்கு மேல் நட்சத்திரங்களோ குஞ்சுப் பறவைகளோ வட்டமடிக்கும். அந்த நேரத்தில் இன்னொரு காம்போ விழுந்தால் கதை முடிந்தது. அடிவாங்கியவருக்கு இருந்த ஒரே வழி, ஜாய்ஸ்டிக்கை வெறிபிடித்தவர் போல ஆட்டிச் சீக்கிரம் தெளிவது. அதேபோல, ஒரு சின்ன அடியைத் தடுக்க வைத்து, அந்த நொடியிலேயே பிடித்துத் தூக்கி எறிவார்கள். அந்தப் பிடியிலிருந்து தப்பிக்க முதல் பதிப்பில் வழி கிடையாது. இதையெல்லாம் 'மலிவான ஆட்டம்' என்று திட்டியவர்கள் இருந்தார்கள். சில இடங்களில் தூக்கி எறியக் கூடாது என்று ஆட்டக்காரர்களே எழுதாத சட்டம் போட்டுக்கொண்டார்கள். இயந்திரம் அனுமதிப்பதெல்லாம் நியாயமா, கூடி விளையாடுபவர்கள் ஒப்புக்கொள்வதுதான் நியாயமா? இந்த வழக்கு தீராமலே ஓடியது.

காப்காம் தன் தீர்ப்பை 1993-ல் சொன்னது. அந்த ஆண்டு வந்த 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டில், தொடர்ந்து அடித்தால் திரையின் ஓரத்தில் எத்தனை அடி என்ற எண்ணிக்கை வந்தது. போனஸ் புள்ளியும் கிடைத்தது. திருட்டுத்தனமாக ஒளிந்திருந்தது இப்போது அதிகாரபூர்வமான வித்தை ஆனது. அதே நிறுவனம் 1994-ல் 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ'வைக் கொண்டுவந்தபோது மறுபக்கத்தையும் கவனித்தது. தூக்கி எறியப்படுபவர் சரியான நேரத்தில் பட்டன் அழுத்தினால் நிதானமாகத் தரையிறங்கி, சேதத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற வசதி அதில் வந்தது. அடிப்பவனுக்கு எண்ணிக்கை, அடிவாங்குபவனுக்கு ஒரு சின்னக் கதவு.

நீள நீள...

எண்ணிக்கை திரையில் வந்துவிட்டால் என்ன ஆகும்? போட்டி வரும். 1994-ல் ரேர் நிறுவனத்தின் 'கில்லர் இன்ஸ்டிங்க்ட்' வந்தது. அதில் காம்போதான் ஆட்டமே. சில பட்டன்களைத் தட்டினால் அடிகள் இரட்டிப்பாகத் தானே விழும். எதிராளியை முடிக்கும் நேரத்தில் 'அல்ட்ரா காம்போ' என்று நீண்ட வரிசை ஓடும். 1995-ல் வந்த 'மார்ட்டல் காம்பாட் 3' வேறு பாதையில் போனது. தொலைபேசி எண்ணை அழுத்துவது போல, குறிப்பிட்ட பட்டன் வரிசையை அழுத்தினால் ஏற்கெனவே எழுதி வைத்த காம்போ ஓடும்.

முப்பரிமாண விளையாட்டுகளில் கதை கொஞ்சம் வேறு. 1993-ல் யூ சுசுகியின் தலைமையில் சேகா வெளியிட்ட 'விர்ச்சுவா ஃபைட்டர்' விளையாட்டில் மூன்றே பட்டன்கள். நிஜத் தற்காப்புக் கலைகளை ஒட்டிய அசைவுகள். அதன் நாயகன் அகிரா ஆடுவது 'பாஜிசுவான்' என்ற சீன முறை. 1994-ல் நாம்கோவின் 'டெக்கன்' இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் ஆளுக்கொரு பட்டன் கொடுத்தது. இந்த விளையாட்டுகளில் எதிராளியை ஓர் அடியில் மேலே கிளப்பி, அவர் தரையைத் தொடுவதற்குள் பந்து தட்டுவது போல அடித்துக்கொண்டே இருப்பது பெரிய கலை. 'ஜகிள்' என்று பெயர். காற்றில் இருப்பவருக்குத் தடுப்பு கிடையாது. விழும்வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

உச்சம் காப்காமின் மார்வெல் வரிசையில் வந்தது. 1996-ன் 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டிலேயே எதிராளியை வானத்துக்கு எறிந்து, பின்னாலேயே தாவிப்போய் அடிக்கலாம். 2000-ல் வந்த 'மார்வெல் வெர்சஸ் காப்காம் 2' விளையாட்டில் 56 பாத்திரங்கள், ஒரு பக்கத்துக்கு மூன்று பேர். இத்தனை பாத்திரங்கள் சேரும்போது யார் கணக்குப் போட முடியும்? மேக்னெட்டோ, அயர்ன் மேன் போன்றவர்களை வைத்து முடிவே இல்லாத காம்போக்களை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். கை தவறாதவரை எதிராளி சாகும்வரை அடிக்கலாம். முதல் அடி பட்டதும் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை.

இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஜோடி

இந்தக் கட்டத்தில் ஒரு குட்டிக் கதை. மசாஹிரோ சகுராய், ஜப்பானின் ஹால் ஆய்வகத்தில் வேலை பார்த்த விளையாட்டு வடிவமைப்பாளர். 'கிர்பி'யைப் படைத்தவர். அவர் ஒருநாள் ஓர் ஆர்கேட் கடையில் 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95' ஆடினார். எதிராளியைக் காம்போ மேல் காம்போ போட்டுச் சுலபமாக வென்றார். தோற்றவர்கள் யாரென்று பார்த்தால், விளையாட்டுக்கே புதியவர்களான ஓர் இளம் ஜோடி. பொழுதுபோக்க வந்தவர்கள். அவர்களுக்கு அந்த ஆட்டத்தில் எந்த மகிழ்ச்சியும் கிடைத்திருக்காது என்று சகுராய்க்கு உறைத்தது. பின்னாளில் அவரே பகிர்ந்த அனுபவம் இது.

சண்டை விளையாட்டு ஏன் இப்படி இருக்க வேண்டும் என்ற யோசனையில் அவர் ஒரு மாதிரியை உருவாக்கினார். அதற்கு நிரல் எழுதியவர் பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான சதோரு இவாட்டா. அது 1999-ல் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' என்று வெளிவந்தது. இதில் உயிர் அளவு குறைவதில்லை. அதற்குப் பதில் ஒரு சதவீத எண் ஏறும். எண் ஏற ஏற, அடி வாங்கினால் அதிக தூரம் பறப்பீர்கள். அதனால் மனப்பாடம் செய்த ஒரே காம்போ எல்லா நேரத்திலும் வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் எதிராளி போய் விழும் இடம் மாறும். அப்போதைக்கு அப்போது யோசித்தாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், காம்போவின் பிடியைத் தளர்த்தப் பிறந்த இந்த விளையாட்டிலும் ஆட்டக்காரர்கள் காம்போவைக் கண்டுபிடித்தார்கள்! 2001-ல் வந்த 'மெலீ' பாகம் அதற்கே பெயர் பெற்றது. ஆனால் ஒரு வித்தியாசம். மெலீயில் அடிபட்டுப் பறப்பவர், பறக்கும் திசையை ஜாய்ஸ்டிக்கால் ஓரளவு வளைக்கலாம். அடிப்பவர் அதைக் கணித்துத் துரத்த வேண்டும். அடிவாங்கும்போதும் அவருக்குச் சொல்ல ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது.

அடிவாங்குபவனின் கருவிகள்

மற்ற நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. நீளமான காம்போவை விற்ற கில்லர் இன்ஸ்டிங்க்ட்தான் 'காம்போ பிரேக்கர்' என்பதையும் கொண்டுவந்தது. சரியான அடியைச் சரியான நேரத்தில் போட்டால் எதிராளியின் காம்போ பாதியில் உடையும். 2013-ல் அந்த விளையாட்டு புதிதாக வந்தபோது இது இன்னும் கூர்மையானது. விழும் அடி மெல்லியதா, நடுத்தரமா, பலமானதா என்று கணித்து அதற்கேற்ற பட்டன்களை அழுத்த வேண்டும். தவறாகக் கணித்தால் கொஞ்ச நேரத்துக்கு உடைக்கவே முடியாது. இருவருக்கும் நடுவே காம்போ ஒரு சூதாட்டமாக மாறியது.

2002-ல் வந்த 'கில்டி கியர் எக்ஸ்எக்ஸ்' விளையாட்டில் 'பர்ஸ்ட்' என்ற வெடிப்பு வந்தது. நடுக்காம்போவில் அதைப் பயன்படுத்தி எதிராளியைத் தள்ளிவிடலாம். ஆனால் மறுபடி நிரம்ப நேரமாகும். எனவே எந்தக் காம்போவில் செலவழிப்பது என்பதே ஒரு முடிவு. இன்னொரு பரவலான வழி, சேதத்தைக் குறைப்பது. காம்போ நீள நீள, அடுத்தடுத்த அடிகளின் பாதிப்பு குறைந்துகொண்டே போகும். பத்தாவது அடி முதல் அடியைப்போல வலிக்காது. 2012-ல் வந்த 'ஸ்கல்கேர்ல்ஸ்' விளையாட்டில் மைக் ஜைமன்ட் முடிவில்லாக் காம்போவையே குறிவைத்தார். ஒரே வரிசையை ஒருவர் திரும்பத் தொடங்குவதை விளையாட்டு தானே கண்டுபிடிக்கும். உடனே அடிவாங்குபவர் ஒரு பட்டனைத் தட்டி வெளியே வரலாம்.

இவை எல்லாவற்றிலும் துணிச்சலான பதில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 வரிசையில் இருந்தது. 1997-ல் தொடங்கி, 1999-ல் 'தேர்ட் ஸ்ட்ரைக்' என்ற பாகத்தில் முழுமை பெற்றது. வழக்கமாக அடியைத் தடுக்க ஜாய்ஸ்டிக்கைப் பின்பக்கம் இழுக்க வேண்டும். இங்கே அடி படும் கணத்தில் முன்பக்கம் தட்டினால், அதாவது அடியை நோக்கியே போனால், துளிச் சேதமும் இல்லாமல் அதைத் தட்டிவிடலாம். 'பாரி' என்று பெயர். கணம் தவறினால் அடி முழுசாக விழும்.

2004: பதினைந்து உதைகள்

இதன் உச்சக்காட்சி 2004 ஆகஸ்டில், கலிபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டியில் அரங்கேறியது. 1996-ல் சுமார் 40 பேரோடு சன்னிவேல் நகரில் வேறு பெயரில் தொடங்கிய போட்டி அது. அமெரிக்காவின் ஜஸ்டின் வாங் சுன்-லியோடும், ஜப்பானின் டைகோ உமேஹாரா கென் பாத்திரத்தோடும் மோதினார்கள். டைகோவுக்கு உயிர் கிட்டத்தட்ட காலி. திரையில் ஒரு கோடு போல மிச்சம். சிறப்பு அடிகளைத் தடுத்தாலும் கொஞ்சம் உயிர் கரையும் என்பதால், தடுப்பதும் சாவுதான். வாங் சுன்-லியின் பெரிய உதைவரிசையை ஏவினார். பதினைந்து உதைகள்.

டைகோ பின்வாங்கவில்லை. முதல் உதையைக் கணித்து முன்பக்கம் தட்டினார். பிறகு ஒவ்வொன்றாக. கூட்டம் எழுந்து கத்தத் தொடங்கியது. கடைசி உதையைத் தாவிக்கொண்டே காற்றில் தட்டிவிட்டு, இறங்கும்போதே ஓர் உதை, அதிலிருந்து தன் காம்போ, முடிவில் கென்னின் பெரிய அடி. ஆட்டம் அவர் பக்கம். 'ஈவோ மொமெண்ட் 37' என்ற பெயரில் அந்தக் காணொளி உலகெங்கும் பரவியது.

ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் போட்டியில் டைகோ கோப்பையை வெல்லவில்லை. இறுதி ஆட்டத்தில் ஜப்பானின் கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்றார். ஆனாலும் பேசப்படுவது அந்தச் சில நொடிகள்தான். அவ்வளவு பெரிய கூச்சல் அடிப்பவருக்காக எழுந்தது அல்ல. வழியே இல்லாத இடத்தில் நின்ற ஒருவர் வழி கண்டுபிடித்ததற்காக எழுந்தது. அந்த வழியை விளையாட்டு அவருக்கு விட்டு வைத்திருந்தது என்பதும் உண்மை.

யாருக்கு இந்த வித்தை?

இன்னொரு கேள்வியும் பாக்கி இருக்கிறது. காம்போ அழகுதான், ஆனால் அதைக் கற்க மாதக்கணக்கில் உட்கார வேண்டும் என்றால் எத்தனை பேர் வருவார்கள்? 2008-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4' விளையாட்டின் சில லிங்க்குகளுக்கு ஒரே ஒரு பிரேம்தான் அவகாசம். ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு! போட்டிகளில் பெரிய வீரர்களே கோட்டை விட்டதுண்டு. 2016-ன் ஐந்தாம் பாகம் இதைத் தளர்த்தியது. சற்று முன்னதாக அழுத்தினாலும் இயந்திரம் ஞாபகம் வைத்துக்கொண்டு அடியை வரவழைக்கும். 2023-ல் வந்த ஆறாம் பாகத்தில் 'மாடர்ன்' என்ற கட்டுப்பாட்டு முறையே வந்துவிட்டது. ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தட்டினால் காம்போ ஓடும். ஜாய்ஸ்டிக்கை உருட்டாமல் வரவழைக்கும் சிறப்பு அடிகளுக்குச் சேதம் மட்டும் சற்றுக் குறைவு.

உழைத்துக் கற்றவர்களுக்கு இது வருத்தம்தான். விரல் தேயப் பழகிய வித்தையை ஒருவர் முதல் நாளே ஒரு பட்டனில் செய்கிறார் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் சகுராய் பார்த்த அந்த ஜோடியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். காம்போ போடத் தெரிவது மட்டுமே ஆட்டம் அல்ல. எப்போது நெருங்குவது, எப்போது பொறுப்பது, எதிராளி அடுத்து என்ன செய்வார் என்று படிப்பது... முதல் அடியைச் சம்பாதிக்கும் வேலை எல்லாம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதை எந்த பட்டனும் செய்து தராது.

ஆறாம் பாகத்தின் பயிற்சி அரங்கில் இன்னொரு வசதியும் உண்டு. திரையில் இரண்டு வரிசையாக வண்ணக் கட்டங்கள் ஓடும். ஒரு கட்டம் ஒரு பிரேம். உங்கள் அடி எந்தக் கட்டத்தில் முடிகிறது, எதிராளி எந்தக் கட்டம்வரை முடங்கியிருக்கிறார், எந்தக் கட்டத்தில் அவர் கை அவருக்குத் திரும்புகிறது என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரு காரை உடைக்கும்போது ஃபுனாமிசு தற்செயலாகக் கண்டுபிடித்த அந்த இடைவெளியை, இன்றைக்கு முதன்முதலாக விளையாட உட்காரும் ஒரு சிறுவன் கட்டம் கட்டமாக எண்ணிப் பார்க்கலாம்.